கட்டை வைத்த கார்

அறுபதிலேயே போங்கள் தம்பி. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். அவசரம் என்றால் முந்திப் போகட்டும்.

புது வண்டி என்று ஏறும்போதே தெரிந்துவிட்டது. சீட்டுக்குப் போட்ட பாலித்தீன் உறையை இன்னும் கழற்றவில்லை. முன் டயரில் எலுமிச்சம்பழச் சாறு காய்ந்திருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. வழியில் நின்றவனை ஏற்றிக்கொண்ட மனிதரிடம் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சம்பழத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது மூடநம்பிக்கை. ஆனால் நீங்கள் இப்போது கேட்டீர்களே, முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டுமா, மாமனார் ஓட்டச் சொல்கிறார், ஷோரூம்காரன் தேவையில்லை என்கிறான் என்று, அது வேறு. அது விஞ்ஞானம். உங்கள் மாமனார் விவரமானவர்.

எஞ்சினைப் பழக்க வேண்டும். உள்ளே பிஸ்டனும் சிலிண்டரும் புதிது. ஒன்றோடு ஒன்று உரசிப் பொருந்த நாள் பிடிக்கும். சங்கத்துக்குப் புதிதாக வருகிறவனை முதல் நாளே மேடையில் ஏற்றிக் கத்தச் சொன்னால் தொண்டை கிழிந்துவிடும். அதே கதைதான்.

போன ஆடி மாதம் ஒரு மெக்கானிக் என்னிடம் சொன்னான், "அதெல்லாம் ஒரு நாளு மிதிச்சா ஒண்ணும் ஆவாதுங்க பெரியவரே. அந்தக் காலத்து வண்டிக்கே ஒண்ணும் ஆயிருக்காதுங்க." செருப்பைக் கழற்றி அடித்தேன். எழுபத்து நான்கு வயதில். வாயிலேயே அடித்தேன். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். அவன் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை என்றுதான் உங்களுக்குத் தோன்றும். முழுக் கதையும் கேட்டால் தோன்றாது.

மகுடஞ்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கம் ஒரு சர்வீஸ் ரோடு இறங்கும். என்னை அங்கே விட்டால் போதும். பதினொரு மணிக்குக் கூட்டம். இந்தக் கட்டு முழுக்க நான் அச்சடித்த துண்டறிக்கை. எட்டுப் பக்கம். தலைப்பு ‘புதுக் காரும் பழைய பொய்யும்’. இறங்கும்போது ஒன்று தருகிறேன். இலவசம்தான்.

என் பெயர் வையாபுரி. பள்ளிபாளையம் பக்கத்தில் விசைத்தறிச் சங்கத்துக்கு இருபத்தெட்டு வருடம் செயலாளராக இருந்தேன். மூன்றாம் வகுப்போடு தறிக்கு வந்தவன். எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் துண்டறிக்கையில். காலணா அறிக்கை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தறி ஓடும்போது ஒரு வரி, நூல் அறுந்தால் ஒரு வரி, இப்படிப் படித்தேன். யார் சொன்னாலும் சோதிக்காமல் ஏற்காதே என்று அதில்தான் போட்டிருந்தது. அன்றிலிருந்து அச்சில் வந்ததைத் தவிர வேறு எதையும் நான் ஏற்றதில்லை.

எண்பத்தாறில் போனஸ் கேட்டு வேலைநிறுத்தம். சிங்காரவேலு என்று ஒரு முதலாளி. அறுபது தறி. வெளியூர் ஆட்களை இறக்கிக் கதவைச் சாத்திக்கொண்டு தறியை ஓட்டினான். எங்கள் ஆள் நல்லமுத்து அதைக் கேட்கத் தனியாக உள்ளே போனான். போகாதே, செயற்குழு கூடட்டும் என்று நான் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. அறுபது தறி ஓடுகிற சத்தத்தில் ஒரு ஆளை இரும்புக் கம்பியால் அடித்துக் கொல்வது வெளியே கேட்காது தம்பி. அவன் பெண்டாட்டி பாவாயி பின்னாலேயே போயிருக்கிறாள். கதவிடுக்கில் நின்று பார்த்தாள். மூன்று பேர். முதல் அடியிலேயே தாடை தொங்கிவிட்டது, அப்புறமும் பதினாறு அடி என்று எண்ணிச் சொன்னாள்.

பாவாயி தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள். ஒல்லியாக, குச்சி மாதிரி இருப்பாள். வாய் மட்டும் நீளம். போலீஸ்காரர் அவளிடம் கேட்டார், "அடையாளம் காட்டுவியாம்மா, இல்ல கோர்ட்டுல வந்து மாத்திப் பேசுவியா?"

"ஒருத்தனுக்கு எடது காது மடல் இல்லீங்க. அது எந்த நாயி கடிச்சுதுன்னு கூடச் சொல்லட்டுங்களா?" என்றாள்.

அவள் ஒருத்திதான் சாட்சி. தறி ஓட்டிய வெளியூர் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார்கள். அவள் கோர்ட்டில் ஏறிச் சொன்னால் மூன்று பேரும் உள்ளே, முதலாளியும் உள்ளே. சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் இது தெரியும். அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் எங்கள் சங்கத்துப் பழைய வேனைக் கொளுத்தினார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நாய் வெந்து செத்தது. மறுநாள் அவள் வீட்டு வாசலில் அந்த நாயின் தலையைப் போட்டிருந்தார்கள். அவள் அதை எடுத்துக்கொண்டு போய் முதலாளி வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்தாள்.

அப்புறம்தான் கார். நாலாயிரம் தொழிலாளி சேர்ந்து சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்த கார். வெள்ளை நிறம். வயிறு பெருத்த பழைய மாடல், உங்களுக்குத் தெரியும். ஆனால் புத்தம் புதிது. சங்கத்து வரலாற்றில் முதல் முதலாக ஒருவரும் உட்காராத சீட்டில் நாங்கள் உட்கார்ந்தோம். எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். கூடாது என்றேன். மஞ்சளைக் கூடத் துடைக்கச் சொன்னேன். காரோடு ஒரு புத்தகம் வந்தது. ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்தத் தாளைக் கிழித்து, மைதா பசை காய்ச்சி, சங்க அலுவலகச் சுவரில் ஒட்டினேன். கீழே தமிழில் என் கையால் எழுதினேன். எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காக. ஒரு செயலாளர் வேறு என்ன செய்வான்?

டிரைவர் சென்னியப்பன். தறி ஓட்டிக்கொண்டிருந்தவன்தான், லைசென்ஸ் எடுத்து வந்தான். நல்ல கை. ஆனால் கால் சும்மா இருக்காது. முதல் வாரமே அறுபத்தைந்தில் போயிருக்கிறான். ஒரு லாரி டிரைவர் வந்து என்னிடம் சொன்னார். செயற்குழுவைக் கூட்டினேன். தீர்மானம் எண் ஏழு. ஆக்ஸிலேட்டருக்குக் கீழே கட்டை வைப்பது. பழைய தறியில் கழற்றிய வாகைக்கட்டை, நாலு விரல் உயரம். நானே ரம்பம் எடுத்து அறுத்தேன். ஓட்டிப் பார்த்து, அறுத்து, ஓட்டிப் பார்த்து, சரியாக ஐம்பதில் மிதி நிற்கிற மாதிரி வைத்து இரண்டு திருகாணி போட்டு இறுக்கினேன். மேலே சங்கத்து ரப்பர் ஸ்டாம்பு. ஊதா மை. யாராவது கழற்றினால் தெரிய வேண்டும் அல்லவா?

"என்ற காலுக்கே பூட்டுங்களா தோழரே?" என்று கேட்டான்.

"உன் காலுக்கு இல்லை. உன் ஆசைக்கு" என்றேன். செயற்குழு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

சேலத்தில் சாட்சி விசாரணை. போக அறுபது, வர அறுபது. காலையில் மீட்டரைப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூற்று எண்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். போய்விட்டு வந்தால் ஆயிரத்து ஐந்நூறு. அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் கட்டையைக் கழற்றுவது, டீ சொல்வது என்று ஒரு சின்ன நிகழ்ச்சி கூட யோசித்து வைத்திருந்தேன்.

கிளம்பும்போது பார்க்கிறேன், சென்னியப்பன் கையில் திருப்புளி. "தோழரே, இன்னைக்கு ஒரு நாளைக்குக் கழட்டிடறனுங்க. டீக்கடைகிட்ட ரெண்டு பேரு நிக்கறானுங்க. நம்ம வண்டியத்தான் பாக்கறானுங்க."

"தீர்மானம் இருக்கிறது."

"ஆளு உசுரு இருக்குதுங்களே."

"செயற்குழு போட்டதைச் செயற்குழுதான் எடுக்கணும். நீயும் நானும் எடுத்தால் அது சங்கம் இல்லை, சந்தை."

திருப்புளியை அவன் கையிலிருந்து வாங்கி, மேசை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியை என் பையில் போட்டேன். இது கட்டுப்பாடு. இன்றைக்கு இருக்கிற பையன்களுக்கு இது புரியாது. ஆபத்து வரும்போதெல்லாம் தீர்மானத்தை மீறலாம் என்றால், ஆபத்து இல்லாத நாளில் தீர்மானம் எதற்கு?

நான் முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறினேன். பாவாயி பின் சீட்டில் சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் முறையாகக் காரில் போகிறாள். குமாரபாளையம் பிரிவில் ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் ஒரு கிழவி, மடியில் ஆட்டுக்குட்டி.

"ஏனுங்க தோழரே, ஆட்டுக்குட்டி நம்மளப் பாத்துச் சிரிச்சுட்டுப் போவுதுங்க" என்றாள்.

"அது பழகின வண்டி. இது புதுசு. பழக்கணும்" என்றேன்.

"எங்கூட்டுக்காரரு சாவறதுக்குள்ள பழக்கியிருந்தா அவரும் ஒரு தடவ ஏறியிருப்பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு வாய். நானும் சிரித்தேன்.

சங்ககிரி தாண்டியதும் சென்னியப்பன் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தான். பச்சை ஜீப். தூரத்தில் ஒரு பொட்டு மாதிரி. அப்புறம் தீப்பெட்டி மாதிரி. அப்புறம் உள்ளே இருக்கிற தலைகளை எண்ண முடிந்தது. நாலு.

"தோழரே..."

"நேரே பார்த்து ஓட்டு."

முள் ஐம்பதில் நின்றது. அசையவே இல்லை. அந்தக் கட்டை அவ்வளவு சரியாக அறுத்த கட்டை. அவன் செருப்பை உதறிவிட்டுக் குதிகாலால் கட்டையை இடித்தான். இடிக்க இடிக்கக் கார் குலுங்கியது. பெருவிரல் நகம் பெயர்ந்து மிதியெல்லாம் ரத்தம். "மிதிச்சா கட்டையில போயி முட்டுதுங்க! உடமாட்டேங்குதுங்க!" என்று கத்தினான். நிறுத்திக் கழற்றலாமா என்று கேட்டான். எதை வைத்துக் கழற்றுவது? திருப்புளி டிராயரில். பாவாயி தன் காதிலிருந்த தோட்டைக் கழற்றி, அதன் தகட்டை வைத்துத் திருகாணியைத் திருக முடியுமா என்று முன் சீட்டுக்கு எக்கி நீட்டினாள். அதால் முடியாது. சன்னமான தகடு.

ஜீப் பக்கத்தில் வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. இடது காது மடல் இல்லாதவன் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு நேரே குனிந்து என்னைப் பார்த்தான்.

"என்னங்க தோழரே, பெட்ரோல் மிச்சம் புடிக்கறீங்களா?"

அப்புறம் இடித்தான். ஒரு தடவை. இரண்டாவது தடவை. கார் ரோட்டை விட்டு இறங்கி, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் ஓடையில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. மட்கார்டு நசுங்கியது. எஞ்சினுக்கு ஒரு கீறலும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னியப்பன் ஜாக்கி கம்பியோடு குதித்தான். அவர்களில் ஒருத்தனுடைய முட்டியை உடைத்தான், அது உடைகிற சத்தம் எனக்கு உள்ளேயே கேட்டது. இன்னொருத்தன் சென்னியப்பன் தோளில் அரிவாளை இறக்கினான். கை சட்டைக்குள்ளேயே தொங்கியது. பின் கதவைத் திறந்து பாவாயியை முடியைப் பிடித்து இழுத்தார்கள். அவள் தூக்குப்போசியால் ஒருத்தன் மூக்கில் அடித்தாள். போசி திறந்து ரசம் சாதம் அவன் மூஞ்சியெல்லாம். கண்ணில் பட்டு அவன் தடுமாறினான். அந்த நொடியில் அவள் உதறிக்கொண்டு காரைச் சுற்றி என் பக்கம் ஓடி வந்தாள்.

நான் காரை விட்டு இறங்கவில்லை. கடைசி வரை இறங்கவில்லை. சங்கத்தின் சொத்து அது. பழைய வேனைக் கொளுத்தின மாதிரி இதையும் கொளுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"கதவத் தொறங்க தோழரே" என்றாள். கத்தவில்லை. வீட்டில் விருந்தாளி வந்து நிற்கிற மாதிரிதான் சொன்னாள். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. நான் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் விளிம்பைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். நான் மேலே பிடித்தேன். திறந்தால் அவள் உள்ளே வருவாள், அவள் பின்னாலேயே அவர்களும் வருவார்கள், மூன்று பேரும் செத்திருப்போம். இதில் தர்க்கம் இருக்கிறது. என் விரலும் அவள் விரலும் ஒரே கண்ணாடி விளிம்பில் இருந்தன. ஒரே வெட்டு.

இதோ பாருங்கள். சுட்டு விரலும் நடு விரலும். முப்பது வருடமாக மேடையில் இந்தக் கையை உயர்த்தினால் கூட்டம் எழுந்து நின்றிருக்கிறது. கொடுத்தவன் கை என்பார்கள்.

ஒரு பஸ் வந்தது. ஜனங்கள் இறங்கிக் கூச்சல் போட, அவர்கள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். பஸ்காரர்கள் காரைத் தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். எஞ்சின் ஒரே சாவியில் எடுத்தது. பாவாயிக்கு உயிர் இருந்தது. கழுத்தில், முதுகில், வயிற்றில் வெட்டு. பின் சீட்டில் கிடத்தினோம். சென்னியப்பன் ஒற்றைக் கையால் ஓட்டினான். சேலம் ஆஸ்பத்திரிக்கு இருபது கிலோமீட்டர்.

ஐம்பதில்தான். வேறு எப்படிப் போவது?

அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மூன்று பேர் பெயரையும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எழுதிக்கங்க தோழரே, கோர்ட்டுல குடுத்துருங்க" என்றாள். என் வலது கை அப்படி இருந்தது, எதில் எழுதுவது? கொண்டலாம்பட்டி வந்தபோது இரண்டாவது பெயரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். டாக்டர், ஒரு கால் மணி முன்னால் வந்திருந்தால் என்றார். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் ஒரு பாட்டில் ரத்தம் கூடத் தயாராக வைத்திருக்கவில்லை. அதை யார் கேட்டார்கள்?

சென்னியப்பன் வெளியே போனான். வழியில் யாருக்கும் தோன்றாதது அவனுக்கு அங்கேதான் தோன்றியது. ஜாக்கி கம்பியை விட்டு நெம்பிக் கட்டையைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்சுகள் பார்க்க, அந்தக் கட்டையாலேயே என் வாயில் அடித்தான். மூன்று பல். இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் கட்டின பல். ஸ்டாம்பின் ஊதா மை என் உதட்டில் ஒரு வாரம் இருந்தது. நான் திருப்பி அடிக்கவில்லை. செயற்குழுவைக் கூட்டினேன். தோழரைத் தாக்கியதற்காகவும் சங்கச் சொத்தைச் சேதம் செய்ததற்காகவும் அவனை நீக்கினோம். தீர்மானம் எண் பதினொன்று. கட்டையை ஒப்படைக்கச் சொல்லி மூன்று கடிதம் போட்டேன். ஒப்படைக்கவில்லை.

நல்லமுத்து கொலை வழக்கு தள்ளுபடி. சாட்சி இல்லை. ஓடைக்கரை வழக்கில் எங்கள் இருவர் சாட்சியத்தைச் சங்கப் பகை என்று தள்ளிவிட்டார்கள். காதில்லாதவன் அப்புறம் கவுன்சிலர் ஆனான்.

அந்தக் கார் பத்தொன்பது வருடம் ஓடியது தம்பி. எஞ்சினைப் பிரிக்கவே இல்லை. விற்கும்போது கூட ஸ்டார்ட் பண்ணி, மேலே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் தண்ணீர் ஆடாது. எதனால்? பழக்கினதால்.

சரி. இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள். போன வருடம் சங்கக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். நான் ஒட்டிய தாள் சுவர்க் காரையோடு பெயர்ந்து வந்திருக்கிறது. இப்போதைய செயலாளர் இளங்கதிர், முப்பது வயது, கம்ப்யூட்டர் படித்தவன். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்திருக்கிறான். பசை ஒட்டியிருந்த பின்பக்கத்தைப் படித்திருக்கிறான். படித்ததைப் பாவாயி நினைவு மலரில் அச்சடித்துவிட்டான். இடையிடையே கொஞ்ச தூரம் வேகம் கூட்டி ஓட்டுவது புது எஞ்சினுக்கு நல்லது என்று போட்டிருக்கிறதாம். அவசரத்துக்கு இந்த அளவு பொருந்தாது என்று போட்டிருக்கிறதாம். கீழே அவன் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறான்: ‘தோழர் வையாபுரி இந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க ஒட்டினார்.’

பசை போட்ட பக்கத்தை யார் படிக்க முடியும்? நான் ஒட்டியது எல்லோரும் படிக்க வேண்டும் என்று. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் இருந்தால் அது என் குற்றமா? இந்த எட்டுப் பக்கத்திலும் அதைத்தான் கேட்டிருக்கிறேன். ஒட்டுவதற்கு முன்னால் படித்தேனா என்று கேட்கிறீர்களா? இரண்டு நாள் படித்தேன் என்று சொன்னேனே. அதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள்.

இன்றைக்கு அவள் நினைவு நாள். ஓடைக்கரையில் கல் இருக்கிறது. நாலு வழிச் சாலை போடும்போது புளியமரத்தை வெட்டிவிட்டார்கள், கல்லை மட்டும் சர்வீஸ் ரோட்டில் விட்டு வைத்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே நான்தான் கொடி ஏற்றுவேன். இந்த வருடம் கொடியேற்றச் சென்னியப்பனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீக்கப்பட்டவனை. எனக்கு அழைப்பு இல்லை. இல்லாவிட்டால் என்ன? மேடை ஏறுவேன். கையை உயர்த்துவேன். ஒவ்வொருத்தன் கையிலும் இதைத் திணித்து, அவன் மூஞ்சிக்கு நேரே கேட்பேன். நான் யாருக்கும் பயந்தவன் இல்லை தம்பி.

அதோ, கொடிக் கம்பம் தெரிகிறது. நாற்காலி போட்டிருக்கிறார்கள். கூட்டம் இருக்கிறது. இருநூறு பேர் இருப்பார்கள். என் காலத்தில் இவ்வளவு வந்ததில்லை. வெள்ளைச் சட்டை, ஒரு தோள் இறங்கி நிற்கிறான் பாருங்கள். அவன்தான். தலை நரைத்துவிட்டது. கையில் என்னமோ வைத்திருக்கிறானே. மாலையா? மாலை இல்லை. நாலு விரல் உயரத்துக்கு என்னமோ.

இடப்பக்கம் இறங்குகிற வழி இதுதான். இண்டிகேட்டர் போடாதீர்கள். வேண்டாம். நேரே போங்கள்.

நேரே போங்கள் என்கிறேன். அவன் இந்தப் பக்கம் திரும்புகிறான். கண்ணாடியை ஏற்றுங்கள். ஏன் தம்பி இப்படி ஊர்கிறீர்கள்? மிதியுங்கள். அறுபதாவது ஒன்றாவது, அதெல்லாம் ஒன்றும் ஆகாது, கொஞ்ச தூரம்தானே, புது எஞ்சின், தாங்கும். மிதிங்க தம்பி. மிதிங்க.